தெளிந்த நீரும் தகுந்த நீரும்

நுழையும்முன்

நிறமின்றி, மணமின்றி, கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் நீரை நல்ல நீர் என்று கண் முடிவுசெய்கிறது. அந்நீரிலேயே வாழும் மீனுக்கோ நீர் என்பது வெறும் தோற்றமன்று. அதுவே காற்று, அதுவே வீடு, அதுவே உணவின் வழி. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர் குழாய்நீரின் வேதியியலை அறிய முற்படும்போது, தம் ஊரின் நிலத்தையும் ஆற்றையும் தாம் பருகும் நீரையும் சேர்த்தே அறிந்துகொள்கிறார். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் நீரைச் சான்றாகக் கொண்டு அவ்வறிவை விளக்குகிறது இப்பாடம்.

இரு வீடுகள், இரு தொட்டிகள்

ஓசூரின் குடியிருப்பு ஒன்றில் அடுத்தடுத்த இரு வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் மீன்தொட்டிகள் உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் வீட்டில் தொட்டியின் பாதி நீரை வெளியேற்றிவிட்டு மாநகராட்சிக் குழாயில் வந்த நீரை நேரே ஊற்றுகின்றனர். சில மணி நேரத்திற்குள் மீன்கள் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, மாலைக்குள் மடிகின்றன.

இரண்டாம் வீட்டில், பல மாதங்களாக நீர் மாற்றப்படாத தொட்டியின் பாதி நீரை வெளியேற்றி, ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுகின்றனர். அந்நீரில் எந்த மருந்தும் கலக்கப்படவில்லை. ஆயினும் மறுநாள் காலையில் அங்கும் மீன்கள் மிதக்கின்றன.

இரு வீட்டாரும் சொல்வது ஒன்றே: "தண்ணீர் நன்றாகத்தானே இருந்தது!" அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. இரு நீரும் தெளிவாகவே இருந்தன. இரண்டு தொட்டிகளிலும் மீன்கள் மடிந்ததற்கான காரணங்கள் வேறுவேறு; அவற்றுள் எதுவும் கண்ணுக்குத் தெரிவதன்று. அன்பால் செய்த செயல் கேடாக முடிந்தது ஏன் என்பதற்கு விடை காண, முதலில் நீர் வரும் வழியை அறிதல் வேண்டும்.

நிலமும் நீரும்

2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம். அதன் மேற்கெல்லையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது ஓசூர். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் தொடங்கப்பட்ட பிறகு ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகின. நீர்த்தேவையும் உடன் பெருகிற்று.

இப்பகுதியின் அடிநிலம் கிரானைட்டு, நைஸ் முதலிய கடும்பாறைகளால் ஆனது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கார்பன்டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மிக மெலிந்த கார்பானிக் அமிலமாகிறது. அது பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட்டு, புளூரைடு முதலியவற்றைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. ஆதலால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது வெறும் நீரன்று; அது பாறையின் கரைசல்.

மற்றொரு நீர் காவிரியினுடையது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளூரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் 2008ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. ஒகேனக்கல்லில் எடுக்கப்படும் ஆற்றுநீர் வடிகட்டப்பெற்று, குளோரின் கலக்கப்பட்டு, மேட்டு நிலத்தை நோக்கி ஏற்றப்படுகிறது.

இவ்வாறு ஒரே தெருவில் ஆற்றுநீரும் ஆழ்துளை நீரும் லாரி நீரும் புழங்குகின்றன. சில வீடுகளின் மேல்நிலைத் தொட்டியில் இவை கலந்துமிருக்கும். குழாய் ஒன்றே, ஆனால் அதில் திங்களன்று வரும் நீரும் வியாழனன்று வரும் நீரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

மக்கள் இவ்வேறுபாட்டை வேதியியல் அறியாமலேயே அறிந்துள்ளனர். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், உப்புத் தண்ணீர், சப்பைத் தண்ணீர் என அவர்கள் நீருக்கு இட்ட பெயர்கள் யாவும் அனுபவத்தால் செய்யப்பட்ட ஆய்வுகளே. எனினும் நாவுக்கும் அடுப்புக்கும் எட்டாத பண்புகளும் நீரில் உள்ளன.

தெரியுமா?

வீட்டு மீன்தொட்டிக்கு அறிவியல் அடிப்படை அமைத்தவர்களுள் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன். அவர் ஒரு கண்ணாடிக் கலத்தில் பொன்மீன்களையும் நீர்த்தாவரத்தையும் இட்டார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியபோது, அவற்றை உண்ணும் நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. மீன், தாவரம், நத்தை ஆகியவற்றிற்கு இடையிலான இச்சமநிலையை அவர் 1850ஆம் ஆண்டு வெளியிட்டார்.

மீனின் உடலும் நீரும்

மனிதன் நீரைப் பருகுகிறான்; மீன் நீரைச் சுவாசிக்கிறது. மனிதன் பருகும் நீர் உமிழ்நீருடனும் உணவுடனும் கலந்து, இரைப்பையையும் குடலையும் கடந்த பின்னரே குருதியை அடைகிறது. மீனின் செவுளிலோ நீருக்கும் குருதிக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய சவ்வு மட்டுமே. அதன் வழியாகவே ஆக்சிஜன் உட்செல்கிறது; கார்பன்டைஆக்சைடும் அம்மோனியாவும் வெளியேறுகின்றன. நீரில் உள்ள நச்சுக்கும் அதுவே திறந்த வாயில்.

நன்னீர் மீனின் குருதியில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட மிகுதி. எனவே சவ்வூடுபரவலால் நீர் இடைவிடாது உடலுக்குள் புகுகிறது. உப்பு வெளியே கசிகிறது. மிகுந்த நீரை மீன் நீர்த்த சிறுநீராக வெளியேற்றுகிறது. இழந்த உப்பைச் செவுளால் மீட்டுக்கொள்கிறது. உயிருள்ளவரை நடைபெறும் இவ்வேலைக்கு ஆற்றல் செலவாகிறது. நீரின் உப்பளவு திடீரென மாறினால் இவ்வேலை தடுமாறும். மெல்ல நிகழும் மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் மீன், ஒரே நாளில் நிகழும் அதே மாற்றத்தைப் பொறுப்பதில்லை. கடையிலிருந்து கொணரும் மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்த பின்னரே விடவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

குளோரின்: காப்பும் கேடும்

குடிநீருக்குக் குளோரின் சேர்ப்பது பொதுநல வரலாற்றின் பெரும் வெற்றிகளுள் ஒன்று. 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் இம்முறை தொடர்ச்சியாகக் கையாளப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவி, காலரா, டைபாய்டு முதலிய நோய்களின் கொடுமையைத் தணித்தது. ஊராட்சித் தொட்டிகளில் சலவைத்தூள் கரைக்கப்படுவதும் இந்நோக்கத்திற்காகவே.

குளோரின் நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தருகிறது. இது நுண்ணுயிரிகளின் செல்சுவரைக் கடந்து, உள்ளிருக்கும் பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்து அழிக்கிறது. குழாயின் கடைசி முனையிலும் காப்பு நிலைக்கவேண்டும் என்பதால், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம்.

கிருமியின் செல்லை அழிக்கும் அதே வேதிவினை மீனின் செவுளையும் எரிக்கிறது. லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்னும் அளவே மென்மையான மீன்களுக்குத் தீங்கு செய்யப் போதுமானது. மனிதனைக் காக்கத் தேவையான குறைந்த அளவு, மீனுக்குத் தீங்கு தொடங்கும் அளவைவிடப் பத்து மடங்கு என்பது இதனால் விளங்கும். முதல் வீட்டில் நிகழ்ந்தது இதுதான். அந்நீரில் குறையேதும் இல்லை. குடிநீராக அது செம்மையாகவே இருந்தது. அது மீனுக்குரிய நீராக இருக்கவில்லை.

இதற்குரிய தீர்வு எளிது. குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்து, காற்றுக்குழலால் குமிழியிட்டால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். விரைந்து நீக்கவேண்டுமாயின், ஹைப்போ எனக் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட்டைச் சேர்க்கலாம். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் ஹைப்போ என்பது பாதுகாப்பான கணக்கு. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் உள்ள 20 லிட்டர் நீரில் மொத்தம் 10 மில்லிகிராம் குளோரின் இருக்கும். அதற்கு 70 மில்லிகிராம் ஹைப்போ போதும். குளோரினுடன் அம்மோனியா சேர்ந்து உண்டாகும் குளோரமின் மட்டும், நீரைத் திறந்துவைப்பதால் எளிதில் அகலாது.

கடினத்தன்மையும் காரத்தன்மையும்

நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவே கடினத்தன்மை. அது கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் கணக்கிடப்படுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. கொதிகலத்தின் அடியில் படியும் வெண்படிவும், மீன்தொட்டியின் விளிம்பில் தோன்றும் வெண்கோடும் கடினநீரின் அடையாளங்கள்.

கடினநீர் எல்லா மீனுக்கும் பகையன்று. கப்பி, மோலி ஆகியன கடினநீரில் செழிக்கின்றன. தென்னமெரிக்க மழைக்காட்டு ஓடைகளிலிருந்து வந்த நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவற்றிற்கு மென்னீரே இயல்பு. ஆகவே அறிவுடைய வளர்ப்பாளர், பிடித்த மீனை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப நீரை மாற்ற முயல்வதில்லை. தம் வீட்டு நீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுக்கிறார்.

கடினத்தன்மையுடன் சேர்த்து அறியவேண்டிய மற்றொரு பண்பு காரத்தன்மை. இது பெரும்பாலும் பைகார்பனேட்டினால் அமைகிறது. அமிலம் சேரும்போது பைகார்பனேட்டு அதை ஏற்றுக்கொண்டு பி.எச். மதிப்பு சரியாமல் காக்கிறது. இதுவே தாங்கல் திறன். எதிர்ச்சவ்வூடுபரவல் கருவியில் வடித்த நீர் தூயது என எண்ணி, அதை மட்டுமே தொட்டியில் நிரப்புவோர் உளர். அந்நீரில் தாங்கல் திறன் மிகக் குறைவு. சில வாரங்களில் அது அமிலமாகிவிடும். மீனின் உடலுக்குத் தேவையான கால்சியமும் அதில் போதாது. தூய்மை வேறு, தகுதி வேறு.

ஆழ்துளை நீரில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. நிலத்தடியில் அழுத்தத்தில் இருந்த அந்நீரில் கார்பன்டைஆக்சைடு மிகுதியாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கும். இறைத்த உடனே அளந்தால் பி.எச். மதிப்பு தாழ்ந்து காணப்படும்; காற்றுப்பட்டு வாயு வெளியேறியதும் அது உயரும். எனவே ஒரு நாள் வைத்திருந்த பின் அளப்பதே உண்மையான மதிப்பைக் காட்டும். குளோரின் இல்லாத நீருக்கும் ஒரு நாள் காத்திருப்பு தேவை என்பது இதனால் விளங்கும்.

அம்மோனியாவின் இரு வடிவங்கள்

மீனின் கழிவும் எஞ்சிய உணவும் சிதைந்து அம்மோனியாவாகின்றன. நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மண்ணில் நிகழும் இவ்விரு படிகளையும் 1890ஆம் ஆண்டையொட்டிய ஆய்வுகளால் விளக்கியவர் ரஷிய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட்டு குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்தாத வடிவாக மாற்றிக் குருதியைப் பழுப்பாக்கும். நைட்ரேட்டின் தீங்கு ஒப்பளவில் குறைவு. புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் அவை அழிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும்.

நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, நச்சுமிக்க அம்மோனியா மூலக்கூறு. மற்றொன்று, நச்சுத்தன்மை மிகக் குறைந்த அம்மோனியம் அயனி. எது எவ்வளவு என்பதை முதன்மையாகப் பி.எச். மதிப்பே முடிவுசெய்கிறது. 25 டிகிரி செல்சியசில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் 0.6 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவம்; பி.எச். 8 எனில் 5.4 விழுக்காடு, பி.எச். 9 எனில் 36 விழுக்காடு.

இரண்டாம் வீட்டின் புதிரை இக்கணக்கு அவிழ்க்கிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வினை அமிலத்தை உண்டாக்கிக் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. பல மாதங்கள் நீர் மாற்றப்படாத தொட்டியில் தாங்கல் திறன் தீர்ந்து, பி.எச். மதிப்பு 6.5 வரை இறங்கியிருந்ததாகக் கொள்வோம். அமில நீரில் பாக்டீரியாக்களின் செயல் மந்தமாகும், அம்மோனியா தேங்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் தேங்கியிருந்தாலும், அதில் நச்சு வடிவம் ஏறத்தாழ 0.004 மில்லிகிராமே. எனவே மீன்கள் உயிருடன் இருந்தன. பாதி நீரை மாற்றியதும் மொத்த அம்மோனியா 1 மில்லிகிராமாகக் குறைந்தது. ஆனால் காரத்தன்மை மிக்க ஆழ்துளை நீர் பி.எச். மதிப்பை 8க்கு உயர்த்திவிட்டது. இப்போது நச்சு வடிவம் 0.054 மில்லிகிராம். கழிவின் அளவு பாதியாகியும் நஞ்சின் அளவு ஏறத்தாழ பதினைந்து மடங்காயிற்று.

புதுநீர் மீன்களைக் கொன்றது என்று அவ்வீட்டார் கருதக்கூடும். உண்மையில், பல மாதப் புறக்கணிப்பு சேர்த்துவைத்த கேட்டைப் புதுநீர் ஒரே நாளில் வெளிப்படுத்தியது. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்திருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

தொட்டியும் ஆறும்

கண்ணாடித் தொட்டியில் நிகழ்வது ஆற்றிலும் நிகழ்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் பகுதியின் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டு ஓசூரை அடைகிறது. அங்குள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் நீர் திறக்கப்படும்போது வெண்ணுரை மலைபோல் எழும் காட்சி பல ஆண்டுகளாகச் செய்தியாகி வருகிறது. சலவைப் பொருள்களும் பிற கழிவுகளும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. அந்நீர் மதகில் விழுந்து காற்றுடன் கலக்கும்போது நுரை உண்டாகி, எளிதில் உடையாமல் நிற்கிறது.

கண்ணுக்குத் தெரியும் நுரையைவிடக் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் கொடியது. கரிமக் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. 25 டிகிரி செல்சியசில், கடல்மட்டத்தில், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனே கரையும். ஓசூரின் உயரத்தில் அதுவும் பத்தில் ஒரு பங்கு குறையும். அந்தச் சிறு இருப்பும் தீரும்போது மீன்கள் மேற்பரப்பில் வாய் திறக்கின்றன. உணவு மிகுதியாக இடப்பட்ட தொட்டியின் நிலையும் கழிவு மிகுதியாக விடப்பட்ட ஆற்றின் நிலையும் வேதியியலில் ஒன்றே. ஆனால் தொட்டியின் நீரை ஞாயிறுதோறும் மாற்றலாம். ஆற்றின் நீரை மாற்ற இயலாது. அதில் சேர்வதைத் தடுப்பதொன்றே வழி. இவ்வாற்று நீர் எல்லையில் நிற்பதுமில்லை. கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து, பல மாவட்டங்களின் வயல்களைத் தொட்டு, கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

தொழிற்பகுதிகளில் உலோகங்களும் கருதத்தக்கவை. குடிநீரில் துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மென்னீரில் வாழும் மீனுக்கோ ஒரு மில்லிகிராமுக்கு மிகக் குறைந்த அளவே தீங்கானது. துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்களில் இரவு முழுதும் தேங்கிய நீரைச் சிறிது ஓடவிட்ட பின் பிடிக்கவேண்டும் என்பது இதனாலேயே.

மீன் காட்டிக்கொடுக்காத கேடு

இதுவரை கூறியவற்றால் மீன் ஒரு நுண்கருவி என்று தோன்றலாம். ஆனால் இப்பகுதியின் பெருந்துயரான புளூரைடை அக்கருவி காட்டுவதில்லை. ஆழ்துளை நீர் நிரப்பிய தொட்டியில் கப்பி மீன்கள் குஞ்சு ஈன்று பெருகலாம். அந்நீரைப் பருகிய குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை படியலாம்.

புளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மிகுதியான புளூரைடை ஆண்டுக்கணக்கில் பருகினால், வளரும் பல்லின் எனாமல் சிதையும். பின்னர் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளையும். இந்நோய் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் பரவியிருந்ததை 1937ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் பதிவுசெய்தனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்கள் இத்துயரை நெடுங்காலம் அனுபவித்தன. ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே இந்நோயின் பெயரும் இடம்பெற்றிருப்பது அதன் சான்று.

இங்கு வேதியியல் ஓர் எச்சரிக்கை தருகிறது. கால்சியம் மிகுந்த நீரில் புளூரைடு, எளிதில் கரையாத கால்சியம் புளூரைடாகப் பிரிந்துவிடக்கூடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் அது கரைந்தே நிற்கும். அதாவது பருப்பு நன்கு வேகும், சோப்பு நன்கு நுரைக்கும் ஆழ்துளை நீரிலும் புளூரைடு மிகுந்திருக்கக்கூடும். அடுப்படி அனுபவம் நல்ல நீர் என்று சான்றளித்த நீரே எலும்பைக் கெடுக்கலாம். கொதிக்கவைப்பதாலும் பயனில்லை, நீர் ஆவியாகக் குறையக் குறையப் புளூரைடின் செறிவு கூடவே செய்யும். எதிர்ச்சவ்வூடுபரவல், செயலூட்டப்பட்ட அலுமினா, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நால்கொண்டா முறை முதலியவற்றால் அதைக் குறைக்கலாம்; அல்லது வேறு நீரைப் பெறவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம், 2012 (பி.எச். தவிர்த்த ஏனைய அளவுகள் லிட்டருக்கு மில்லிகிராமில்)

பி.எச். மதிப்பு: 6.5 முதல் 8.5 வரை
மொத்தக் கரைதிண்மங்கள்: ஏற்கத்தக்கது 500, மாற்று நீர் இல்லாதவிடத்து 2000
மொத்தக் கடினத்தன்மை: ஏற்கத்தக்கது 200, மாற்று நீர் இல்லாதவிடத்து 600
புளூரைடு: ஏற்கத்தக்கது 1.0, மாற்று நீர் இல்லாதவிடத்து 1.5
நைட்ரேட்டு: 45
எஞ்சிய குளோரின்: குறைந்தது 0.2

அளந்தறியும் பழக்கம்

குளோரின் கலந்த நீர் மனிதனைக் காத்து மீனைக் கொன்றது. புளூரைடு மிகுந்த நீர் மீனை வாழவிட்டு மனிதனைக் கெடுத்தது. இரண்டும் தெளிந்த நீரே. ஆகவே "இது நல்ல நீரா?" என்னும் வினா முழுமையானதன்று. "இது எந்த உயிருக்கு, எந்தப் பயனுக்கு, எவ்வளவு காலத்திற்கு நல்ல நீர்?" என்பதே முழுமையான வினா. அதற்குக் கண்ணும் நாவும் மட்டும் விடை தர இயலாது. அளவீடே விடை தரும்.

அளப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பி.எச்., குளோரின், அம்மோனியா, கடினத்தன்மை ஆகியவற்றைக் காட்டும் சோதனைத் தாள்களும் சொட்டுக் கரைசல்களும் மீன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. கரைதிண்மங்களைக் காட்டும் கைக்கருவி உப்பின் மொத்த அளவை மட்டுமே சொல்லும். அவ்வுப்புகளுள் புளூரைடு எவ்வளவு என்று சொல்லாது. அதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் போன்ற இடங்களில் நீரைச் சோதிக்கவேண்டும். மழைக்காலத்திலும் கோடையிலும் ஒரே கிணற்றின் நீர் மாறும் என்பதால், ஒருமுறை அளந்ததோடு நிறுத்தலாகாது.

மீன்தொட்டியின் அருகே ஒரு குறிப்பேட்டை வைத்து, நீர் மாற்றிய நாள், நீரின் மூலம், பி.எச். மதிப்பு, மீனின் நிலை ஆகியவற்றை எழுதிவரும் மாணவர், சில மாதங்களில் தம் தெருவின் நீரை எவரினும் நன்கு அறிந்தவராவார். அக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டுக் குடிநீரின் புளூரைடு அளவையும் எழுதிவைப்பாராயின், மீனுக்காகத் தொடங்கிய கல்வி வீட்டிலுள்ள சிறு குழந்தையையும் காக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிற்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு தூய்மைப்படுத்தப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரில் நீரின் தன்மையைக் குறிக்க வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றும் சுட்டும் வேதிப்பண்பை அறிவியல் ஆசிரியரின் துணையுடன் கண்டறிக.
3. "தூய்மை வேறு, தகுதி வேறு" என்னும் கருத்தை நீரைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.
4. ஒரே குழாயின் நீரைப் பிடித்த உடனும் ஒரு நாள் திறந்துவைத்த பின்னும் பி.எச். தாளால் சோதித்து, மதிப்பு மாறியிருப்பின் அதன் காரணத்தை விளக்குக.